புழுவின் கழுத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு

முதல் நாள், சனி

மதுரையில் விடியற்காலை பஸ் ஏறினேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுவதைப் பார்த்ததும்தான் ஊர் வந்துவிட்டது என்ற நினைப்பே வந்தது. நாகர்கோவில் வடசேரியில் இறங்கி, சூடாக ஒரு ஏத்தன்பழ அப்பமும் டீயும். அப்புறம் குலசேகரம் பஸ். தக்கலை தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர்தான், வெயில் தரையைத் தொடுவதே இல்லை.

வந்த காரணம், அத்தை போன வாரம் போனில் சொன்ன ஒரு வரி. "மக்கா, நம்ம தேக்கு பூரா புழுவாக்கும், மழை மாதிரிப் பெய்யுது, ராத்திரி சத்தத்துல உறக்கமே வரல்ல." வீட்டில் புட்டியிலும் டப்பாவிலும் புழு வளர்த்து, அது என்னவாக மாறுகிறது என்று எட்டு வருடமாகக் குறிப்பு எழுதி வைப்பவள் நான். இதைக் கேட்டுவிட்டு மதுரையில் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? மே மாதம், பள்ளிக்கூடம் விடுமுறை, கிளம்பிவிட்டேன்.

அத்தை வீடு திற்பரப்புப் பக்கம். ஒரு ஏக்கர் ரப்பர், அதைச் சுற்றி வரப்போரமாக நாற்பது தேக்கு. அத்தான் பிறந்த வருஷம் மாமா நட்ட மரங்கள். பையைக் கீழே வைத்த கையோடு தோட்டத்துக்குப் போனேன். அத்தை சொன்னது மிகையே இல்லை. காற்று இல்லை, மேகம் இல்லை, ஆனால் காய்ந்த சருகின் மேல் தூறல் விழுகிற மாதிரி ஓயாத சத்தம். நிமிர்ந்து பார்த்தபோது தோளிலும் தலையிலும் கருப்பாகக் கடுகு மாதிரி விழுந்தது. புழுக்களின் எச்சம். அத்தனை ஆயிரம் வாய் மேலே ஒரே நேரத்தில் தின்றுகொண்டிருக்க, கீழே இது விழுந்துகொண்டே இருக்கிறது. இலை என்று சொல்ல நடு நரம்பும் கிளை நரம்பும்தான் மிச்சம். மீன் தின்று போட்ட முள் மாதிரி நாற்பது மரமும் நிற்கிறது. கிளையிலிருந்து நூல் விட்டுத் தொங்கும் புழுக்கள் முகத்தில் வந்து மோதுகின்றன. பக்கத்திலேயே ரப்பர் இலை ஒன்றில்கூட ஓட்டை இல்லை, இந்தப் புழுவுக்கு அது வேண்டாம்.

அத்தான் சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போகத் தயாராக இருந்தார். உயரத்துக்கு அடிக்கிற ஸ்பிரேயர் வாடகைக்குப் பேசியாயிற்று. "அத்தான், எனக்கு ஒரு நாலு நாள் தாங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்," என்றேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, கவலைதான். தேக்கு என்றால் அவர்களுக்கு வங்கியில் போட்ட பணம் மாதிரி. "நாலு நாள்ல மரம் செத்துப் போச்சுண்ணா?" சாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லி நம்ப வைக்கிற வேலை கண்ணால் காட்டித்தான் முடியும்.

இரண்டாம் நாள், ஞாயிறு

காலை ஏழு மணிக்கே தேக்கு மரத்தடியில். தேக்கின் இலையுண்ணும் புழு என்று நூல்களில் எழுதுவது இதைத்தான், ஹைப்ளேயா பியூரா. வளர்ந்த புழு சுண்டுவிரல் நீளம் வராது. சாம்பல் கலந்த கருப்பு, முதுகோரமாக வெளிறிய கோடு. தொட்டால் பின்னோக்கித் துள்ளும். சின்னப் புழு இலையோரத்தை அரைவட்டமாக வெட்டி மடித்து, நூல் போட்டு ஒட்டி, அந்தக் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு தின்கிறது. கோடை மழைக்குப் பிறகு தேக்கு இளந்தளிர் விடுகிற சமயத்துக்கென்றே அந்துப்பூச்சிகள் கூட்டமாக வந்திறங்கி முட்டை வைக்கும், அதனால்தான் எல்லாப் புழுவும் ஒரே வயசு, எல்லாம் ஒரே நேரத்தில் தின்று, ஒரே நேரத்தில் இறங்குகின்றன. முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரைக்கும் சுமார் மூன்று வாரம். அதில் தின்கிற காலம் பத்துப் பன்னிரண்டு நாள்தான்.

நான் தேடி வந்தது புழுவை இல்லை, அதன் கழுத்தை. எட்டாத கிளையைத் துரட்டியால் வளைத்து, ஒவ்வொரு புழுவாகக் கைலென்ஸில் பார்த்தேன். பதினோராவது புழுவில் கிடைத்தது. தலைக்குப் பின்னால், முதல் இரண்டு வளையங்களுக்கு நடுவே, பாலில் நனைத்த மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. அரிசிக் குருணையை இன்னும் நாலாக உடைத்தால் வரும் அளவு. மேல்பக்கம் மேடு, அடிப்பக்கம் தட்டை, நகத்தால் நீக்கினாலும் வராத பசை. இது ஈயின் முட்டை.

டக்கினிட் ஈக்கள் என்று ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. உலகத்தில் பெயர் வைத்தவை மட்டும் 8,500க்கும் மேல், கிட்டத்தட்ட அத்தனையும் மற்ற பூச்சிகளின் உடம்புக்குள் வளர்ந்து வருபவை, அதில் பெரும் பங்கு கம்பளிப்பூச்சி, இலைப்புழு வகைகளில்தான். பார்க்க வீட்டு ஈ மாதிரியே, கொஞ்சம் பெரிது. வித்தியாசம் வயிற்றில் தெரியும். முள் முள்ளாக விறைத்த மயிர், தேய்ந்த துணிப்பிரஷ் மாதிரி. வீட்டு ஈ குப்பையில் பிறக்கிறது, இது புழுவுக்குள் பிறக்கிறது. நம் ஊரில் இரண்டையும் ஒன்றாக நினைத்து அடித்துவிடுகிறோம்.

எட்டரை மணி வாக்கில் அந்த ஈயே வந்தது. மிச்சமிருந்த ஒரு இலைத்துண்டில் உட்கார்ந்து, நகர்ந்துகொண்டிருந்த புழுவுக்குப் பின்னாலேயே நடந்தது. பறக்கவில்லை, நடந்தது, நாய்க்குட்டி மாதிரி நின்று நின்று. புழு நின்றால் அதுவும் நின்றது. ஒருமுறை புழு தலையைச் சுழற்றி அடித்தது, ஈ விலகி ஒரு விரல்கடை தள்ளி உட்கார்ந்து முன்னங்காலைத் தேய்த்தது. திரும்பவும் கிட்டே போய், வயிற்று நுனியைக் கால்களுக்கு நடுவே முன்பக்கமாக வளைத்து, ஒரே தொடுதல். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கழுத்தில் பொட்டு. ஏன் கழுத்து என்று யோசித்துப் பாருங்கள். புழுவின் வாய் அங்கே எட்டாது.

முட்டையிலிருந்து வரும் குட்டிப்புழு நேராகத் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. உள்ளே போனதும் அதற்கு மூச்சுக்கு வழி வேண்டும். அதற்காகப் புழுவின் தோலையோ உள்ளிருக்கும் மூச்சுக்குழலையோ ஒட்டி, தன் வால்பக்கத்தை வெளிக்காற்றோடு இணைத்துக்கொண்டு, புனல் மாதிரி ஒரு உறைக்குள் உட்கார்ந்துகொள்கிறது. அந்த உறையைக் கட்டுவது யார் தெரியுமா? அந்நியப் பொருளைச் சுற்றிச் சுவர் எழுப்புகிற புழுவின் சொந்த உடம்பேதான். புழுவுக்கும் தப்ப ஒரு வழி உண்டு. முட்டை பொரிவதற்கு முன்னால் சட்டை உரித்துவிட்டால், பொட்டு அந்தச் சட்டையோடு போய்விடும்.

எல்லா டக்கினிட்டும் இப்படி ஒட்டுவதில்லை. சில இனங்கள் தூசி அளவு முட்டைகளை ஆயிரக்கணக்கில் இலையில் தூவிவிட்டுப் போகும், இலையோடு சேர்த்துப் புழு விழுங்கிவிடும். சில, முட்டையே வைக்காமல் உயிருள்ள குட்டிப்புழுவை விடும்.

மொத்தம் இருபது புழு எடுத்தேன், பொட்டு வைத்தது ஆறு. தனித்தனி டப்பா, வாயில் மஸ்லின் துணி, அடியில் இரண்டு விரல்கடை ஈரமண். டப்பாக்களைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் கட்டெறும்பு ஏறி, பொட்டு வைத்த புழுவில் இரண்டைக் காலி பண்ணிவிட்டது. அத்தைதான் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன் மேல் டப்பாக்களை அடுக்கினாள். மத்தியானம் மரச்சீனிக்கிழங்கும் சாளைக் கறியும். கிழங்கைப் பிட்டு வாயில் போடும்போதும் அத்தைக்குக் கண் அந்தத் தாம்பாளத்தில்தான் இருந்தது.

மூன்றாம் நாள், திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தோட்டத்துக்குப் போக வழியில்லை, ரப்பர் பால்வெட்டும் இல்லை. அத்தானும் நானும் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "இந்த ஈ அவ்வளவு நல்லதுண்ணா, பட்டுப்புழு வளக்கவங்க ஏன் அதைக் கண்டா அடிக்கிறாங்க?"

கிருஷ்ணகிரிப் பக்கம் பட்டு வளர்க்கும் என் தோழி வீட்டில் நானே பார்த்திருக்கிறேன். ஊஜி ஈ என்பார்கள். அதுவும் இதே குடும்பம்தான். 1980ல் கர்நாடகத்தில் தென்பட்ட பிறகு தெற்கே பட்டு வளர்ப்பவர்களுக்குத் தீராத தலைவலி. பட்டுப்புழுவின் உடம்பில் கருப்புத் தழும்பு விழுந்தால் கூடு போச்சு. வளர்ப்பு மனைக்கு நைலான் வலை கட்டாமல் அங்கே ஒருவரும் புழு இறக்குவதில்லை. ஈக்கு எது பட்டு, எது தேக்கு என்ற கணக்கு கிடையாது. அதற்குத் தன் பிள்ளைக்கு ஒரு புழு வேண்டும். நமக்கு வேண்டிய புழுவில் வந்தால் எதிரி என்கிறோம், வேண்டாத புழுவில் வந்தால் தோழன் என்கிறோம்.

தென்னை இருக்கும் மாவட்டம் என்பதால் ஃபிஜி கதையைச் சொன்னேன். அங்கே ஊதா நிறத்தில் ஒரு சின்ன அந்துப்பூச்சி தென்னந்தோப்புகளை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. 1925ல் மலாயாவிலிருந்து ஒரு டக்கினிட் ஈயைக் கப்பலில் கொண்டுபோய் விட்டார்கள், பெயர் பெஸ்ஸா ரிமோட்டா. கொஞ்ச காலத்திலேயே அந்தப் பூச்சியின் ஆட்டம் முடிந்தது. அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உடனே மறுபாதியையும் சொன்னேன். அமெரிக்காவில் 1906லிருந்து, காட்டு மரங்களைத் தின்னும் ஸ்பாஞ்சிப் பூச்சியை ஒழிக்க ஐரோப்பாவிலிருந்து கம்ப்சிலூரா என்ற ஈயை இறக்கினார்கள். அது 150க்கும் மேற்பட்ட இனங்களின் புழுக்களில் புகுந்துவிடும் வகை. அந்த நாட்டின் சொந்தப் பெரிய பட்டுப்பூச்சிகள் பல இடங்களில் அருகிப் போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டென்று பின்னால் கண்டார்கள். வெளியூர் ஈயைக் கொண்டுவருவது அவ்வளவு லேசான காரியம் இல்லை. நம் தோட்டத்தில் ஏற்கெனவே இருப்பதை அழிக்காமல் விடுவதுதான் நம் கையில் இருக்கிற வேலை.

இன்னொன்றும் சொன்னேன், அத்தை அதைக் கேட்டு இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொன்னாள். கனடாக் காடுகளில் கூடாரப்புழு என்று ஒன்று சில வருஷத்துக்கு ஒருமுறை காட்டையே மொட்டையாக்கும். அது பெருகி முடிகிற வருஷங்களில் பெரிய சாம்பல் ஈக்கள் ஊருக்குள் திரளும். கொடியில் காயும் துணியில் உட்காரும், ஆள் மேலும் உட்காரும், விரட்டினாலும் போகாது, ஆனால் கடிக்காது. சார்கோபேகா ஆல்ட்ரிச்சி என்பது அதன் பெயர். டக்கினிட் இல்லை, சதை ஈ வகை. அந்தப் புழுவின் கூட்டில் உயிர்க்குட்டியை விட்டு, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவைத் தின்று தீர்க்கிற ஈ. அந்த ஊர் மக்கள் அதைத் தோழமை ஈ என்றே கூப்பிடுகிறார்கள்.

மழை விட்ட கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் போனேன். கறிவேப்பிலை பூத்திருந்தது. அந்த வெள்ளைப் பூக்கொத்தில் தேனீக்களுக்கு நடுவே அதே முள்மயிர் ஈக்கள், மூன்று. வளர்ந்த ஈ தின்பது பூந்தேனையும், அசுவினிப் பூச்சி கழிக்கும் இனிப்பு நீரையும்தான். மார்த்தாண்டம் தேன்பெட்டிக்காரர்கள் ரப்பர் தளிர்விடும் மாதங்களில் பெட்டியைத் தோட்டத்துக்கு மாற்றுகிறார்கள் அல்லவா? ரப்பர் இலைக்காம்பு நுனியில் கசியும் தேனுக்காக. வயிற்றுப்பாடு ஈக்கும் அதேதான். களைக்கொல்லி அடித்துத் தரையைச் சுத்தமாக வழித்த தோட்டத்தில் இந்த ஈக்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடையாது.

நான்காம் நாள், செவ்வாய்

அத்தானோடு பைக்கில் கீரிப்பாறை வழியாகக் காளிகேசம். சோதனைச் சாவடியில் பதிந்துவிட்டு உள்ளே போனோம். மழைத்தண்ணீரில் ஆறு பழுப்பாக ஓடியது, காளி கோயில் பக்கம் கூட்டம் இல்லை. காட்டு மரங்களுக்கிடையே தனித்தனியாக நின்ற தேக்குகளில் மடித்த இலைகளை எண்ணித்தான் புழுவைத் தேட வேண்டியிருந்தது. இருந்தது, ஆனால் எச்ச மழை இல்லை, மொட்டை மரம் இல்லை. வரும் வழியில் ஒரு மூட்டில் கரிச்சான்கள் நூலில் தொங்கிய புழுவைப் பறந்தபடியே கவ்விக்கொண்டு போவதைப் பார்த்தோம்.

அட்டை கடித்தது, ரத்தம் நிற்க அரைமணி நேரம் ஆனது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள், புதன்

இன்று எழுதத்தான் நான் இந்த நாட்குறிப்பையே தொடங்கினேன்.

காலையில் மூன்றாம் டப்பாவில் புழு அசையாமல் கிடந்தது. நேற்று வரை தின்றது. உடம்பு பாதியாகச் சுருங்கி, தோல் காற்றுப்போன பலூன் மாதிரி தொங்கியது. ஒன்பதே காலுக்குப் பக்கவாட்டில் ஒரு இடம் உள்ளிருந்து தள்ளுகிற மாதிரி உப்பியது. அத்தானைக் கூப்பிட்டேன், அத்தை கையில் இருந்த முறத்தோடு ஓடி வந்தாள். தோல் கிழிந்து, வெண்ணெய் நிறத்தில், தலை எது வால் எது என்று தெரியாத ஒரு ஈப்புழு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நெல்லை விடக் கொஞ்சம் தடிமன். இரண்டு நிமிஷம் சருகின் மேல் நெளிந்து, மண்ணைக் கண்டதும் மூக்கைக் குத்தி உள்ளே போய்விட்டது. மத்தியானம் மண்ணைக் குச்சியால் மெல்ல விலக்கிப் பார்த்தால் நீளம் சுருங்கி உருளையாகி இருந்தது. சாயங்காலம் செம்பழுப்பு. இரவு புளியங்கொட்டை நிறம். மேல்தோலே கெட்டித்துப் பீப்பாய் மாதிரிக் கூடாகிவிட்டது.

அத்தான் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "மருந்து அடிச்சிருந்தா இதுவும் போயிருக்கும், இல்லியா?" என்றார். போயிருக்கும். புழுவுக்கு அடிக்கிற மருந்து புழுவுக்குள் இருப்பதையும் கொல்லும், கறிவேப்பிலைப் பூவில் தேன் குடிப்பதையும் கொல்லும்.

ஆனால் அவரிடம் பொய் சொல்லவும் எனக்கு மனசில்லை. இந்தத் திடீர்ப் பெருக்கத்தை ஈ மட்டுமே தடுத்து நிறுத்தாது. அந்துப்பூச்சிகள் எங்கிருந்தோ கூட்டமாக வந்து இறங்கி, இரண்டு வாரத்தில் தின்று முடித்து, அடுத்த தலைமுறை வேறு இடம் பார்த்துப் போய்விடுகின்றன. ஒரு தலைமுறை முடித்து ஈ பெருகுவதற்குள் புழு மண்ணுக்குப் போயாயிற்று. ஈயின் உண்மையான வேலை, பெருக்கத்துக்கும் பெருக்கத்துக்கும் நடுவே, எண்ணிக்கை குறைந்திருக்கும் மாதங்களில். அங்கங்கே மடித்த இலையில் ஒளிந்திருக்கும் புழுவைத் தேடித் தேடிப் பொட்டு வைத்துக்கொண்டே இருப்பது. நேற்றுக் காளிகேசத்தில் எண்ணித் தேட வேண்டியிருந்ததே, அப்படி எண்ணிக்கை குறைந்திருக்கும் இடத்தில்தான் அந்த வேலை நடக்கிறது.

ஏழாம் டப்பாவில் வேறு ஒரு சாவு. புழு தலைகீழாகத் தொங்கி, தொட்டதும் உடைந்து பழுப்பு நீராக ஒழுகியது. அது வைரஸ். தேக்குப் புழுவுக்கென்றே உள்ள வைரஸ் அது. திருச்சூர் அருகே பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தார் பல வருஷம் ஆராய்ந்து, மருந்துக்குப் பதிலாகத் தெளிக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். நஷ்டக் கணக்கும் அவர்கள் எடுத்ததுதான். இளம் தேக்குத் தோட்டத்தில் இந்தப் புழுவால் மரத்தின் பருமன் கூடுவது 44 சதவீதம் வரை குறையும். அதனால் அத்தானின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் மரங்கள் முப்பது வயசு தாண்டியவை. புழுவும் பெரும்பாலும் இறங்கிவிட்டது. இனி அடிக்கிற மருந்து வெறும் நரம்பின் மேல் விழும்.

ஸ்பிரேயர்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆறாம் நாள், வியாழன்

கிளம்பும் நாள். எச்சச் சத்தம் நின்றுவிட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த அத்தை "காதுக்கு என்னமோ போல இருக்கு" என்றாள். தேக்கின் நுனிகளில் பொட்டுப் பொட்டாகச் செந்தளிர். ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தேன், சின்ன வயசில் மருதாணி என்று சொல்லித் தேய்த்துக்கொள்வோமே, அந்த ரத்தச் சிவப்பு.

மிச்சமிருந்த நான்கு பொட்டுப் புழுக்களில் மூன்றிலிருந்து ஈப்புழு வந்து மண்ணுக்குள் போயிருக்கிறது. நான்காவதில் முட்டை பொரியவே இல்லை, அந்தப் புழு சட்டை உரித்து, ஒரு சருகை ஒட்டிக் கூட்டுப்புழுவாகிவிட்டது. உரித்த சட்டையில் வெள்ளைப் பொட்டு அப்படியே இருந்தது. அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டேன்.

டப்பாக்களை மதுரைக்குக் கொண்டுபோகவில்லை. இந்தத் தோட்டத்து ஈ இந்தத் தோட்டத்தில்தான் பறக்க வேண்டும். அத்தையிடம் ஒப்படைத்தேன். மண் காயாமல் இரண்டு நாளைக்கு ஒருமுறை விரல் நுனியால் தண்ணீர் தெளிக்கணும், தாம்பாளத்தில் தண்ணீர் குறையக் கூடாது. "பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம் சொல்லுத மாதிரிச் சொல்லுதியே," என்று சிரித்தாள். வடசேரியில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பதினாறாம் நாள், மதுரையிலிருந்து

காலை ஆறு மணிக்கு அத்தானின் போனிலிருந்து ஒரு வீடியோ. அத்தையின் விரல் பாதி திரையை மறைக்கிறது. மண்ணுக்கு மேலே ஒரு ஈ, வெளிறிய சாம்பல், இறக்கை கசங்கிய காகிதம் மாதிரி முதுகில் சுருண்டு கிடக்கிறது. நெற்றியில் ஒரு பை உப்பி உப்பி அடங்குகிறது. கூட்டின் மூடியை அந்தப் பையால் முட்டித்தான் உள்ளேயிருந்து திறக்கும். பக்கத்தில் மூடி கழன்ற செம்பழுப்புப் பீப்பாய்.

அடுத்த வீடியோ ஒரு மணி நேரம் கழித்து. இறக்கை விரிந்து, வயிற்று மயிர் விறைத்து, துணியில் தலைகீழாக நடக்கிறது. பின்னணியில் அத்தானின் குரல், "அம்மா, துணிய எடு, மெதுவா எடு." தேக்குமூடு. தளிர் இப்போது கையகலத்துக்கு இலையாகியிருக்கிறது. அத்தை மஸ்லினை விலக்குகிறாள். ஈ டப்பா விளிம்பில் வந்து நின்று முன்னங்காலைத் தேய்க்கிறது, ஒரு தரம், இரண்டு தரம். அப்புறம் டப்பா மட்டும் இருக்கிறது.

"போயிட்டு மக்கா," என்கிறாள் அத்தை, வீடியோ அங்கே நிற்கிறது.